பதினேழு செ.மீ. இடுப்பு: ஒரு பொம்மைக்கு உடம்பு கட்டியது

போன வாரம் நான் செய்த, தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண் பொம்மை உட்கார்ந்தது. உயரம் 25 செ.மீ., இடுப்புச் சுற்றளவு 17 செ.மீ., முதுகில் கூடை. சுவரில் சாய்க்காமல், முட்டுக் கொடுக்காமல், கால் இரண்டையும் முன்னால் மடக்கி மேசையில் தானாக உட்கார்ந்தது. அதற்கு முன் செய்த உடம்புகள் ஒன்றுகூட உட்காரவில்லை. எது ஏன் சரிவரவில்லை, கடைசியில் எது பலித்தது என்று வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே மாதிரிச் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்குக் காசும் நேரமும் மிச்சமாகும்.

நான் இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் தையல் வேலை செய்கிறேன். ஜாக்கெட், பாடசாலைச் சீருடை, பழைய துணி திருத்துவது எல்லாம் உண்டு. இடையில் பிள்ளைகளின் பொம்மைகளுக்கும் உடுப்புத் தைத்துக் கொடுப்பேன். ஒரே வெட்டுத்தாள் எல்லாப் பொம்மைக்கும் பொருந்தியதால் அது சுலபமான வேலையாக இருந்தது. பார்பி என்றாலும் சந்தையில் விற்கும் பெயரில்லாத பொம்மை என்றாலும் உயரம் 29 செ.மீ., அதே ஒல்லி இடுப்பு, அதே நீளக் கால்.

அப்புறம் ஒரு வாடிக்கையாளரின் மகள் வெளிநாட்டிலிருந்து வந்த 'கர்வி' பார்பியைக் கொண்டு வந்தாள். என்னிடம் தைத்து வைத்திருந்த ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தோம். கை மேற்கையில் சிக்கியது, பாவாடை தொடையில் நின்றுவிட்டது. எனக்குப் பெரிய சந்தோஷம். என் கடைக்கு வருகிற பெண்களுக்குத் தைக்கும்போது வருகிற அதே பிரச்சினைதான் இது! பொம்மைக்கு முதல் முறையாக அளவு எடுக்க வேண்டி வந்தது.

1959 இல் வெளிவந்த பார்பிக்கு மாட்டல் நிறுவனம் 2016 ஜனவரியில்தான் மூன்று புது உடம்புகளை அறிவித்தது: பருத்த 'கர்வி', நெட்டையான 'டோல்', குட்டையான 'பெட்டிட்'. கூடவே ஏழு தோல் நிறங்கள். 2019 இல் சக்கர நாற்காலியில் இருக்கும் பொம்மையும் செயற்கைக் கால் பொருத்திய பொம்மையும் வந்தன. 2023 இல் டவுன் சின்ட்ரோம் உள்ள பொம்மை வந்தது. 1965 இல் அதே நிறுவனம் விற்ற ஒரு பார்பியுடன் 110 இறாத்தலிலேயே (சுமார் 50 கிலோ) நின்றுவிட்ட ஒரு குட்டித் தராசும் வந்தது. அங்கிருந்து இங்கே வந்திருப்பது நல்ல தூரம்தான்.

ஆனால் அந்தப் பருத்த பொம்மையும் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) அக்காமார் மாதிரி இல்லை. தோள் ஒடுக்கம், கழுத்து நீளம், வயிறு தட்டை. மலையில் கொழுந்து எடுக்கிற ஒரு பெண்ணின் உடம்பில் ஒரு பொம்மை வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது. தங்கச்சி மகளுக்குக் கொடுப்பதாகச் சொல்லித்தான் தொடங்கினேன், ஆனால் எனக்கே அது வேண்டியிருந்தது.

முதலில் அளவு. இந்த வகைப் பொம்மைகள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அளவு. 29 செ.மீ. பொம்மையை ஆறால் பெருக்கினால் 174 செ.மீ., அதாவது ஐந்தடி எட்டரை அங்குலம். எங்கள் பக்கம் அந்த உயரத்தில் ஒரு பெண்ணைத் தேடத்தான் வேண்டும். பக்கத்து லயத்தில் பல வருஷம் மலைக்குப் போன ஒரு அக்கா இருக்கிறார். விஷயத்தைச் சொல்லி, அவர் சம்மதத்தோடு நாடா பிடித்தேன். உயரம் ஐந்தடி, அதாவது 152 செ.மீ. நெஞ்சு 96, இடை 90, இடுப்பு 102, மேற்கை 30, தோள் அகலம் 38. எல்லாவற்றையும் ஆறால் வகுத்தால் உயரம் 25.3, நெஞ்சு 16, இடை 15, இடுப்பு 17, மேற்கை 5, தோள் 6.3 செ.மீ. இந்த அளவுகளை ஒரு அட்டையில் எழுதித் தையல் மெஷினுக்கு மேல் ஒட்டினேன். கடைசிவரை அது அங்கேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 450 ரூபாவுக்கு ஒரு பொம்மை வாங்கினேன். ரோஸ் நிறத் தோல், மஞ்சள் முடி, உள்ளே வெற்றான பிளாஸ்டிக் உடம்பு. இடுப்பு 12.5 செ.மீ. இதன் மேலேயே சதை வைத்தால் போதும் என்றுதான் முதலில் தோன்றியது. ஹார்ட்வெயாரில் இரண்டு பாகமாக வரும் எபொக்சி மாவை 980 ரூபாவுக்கு வாங்கினேன். பிளாஸ்டிக்கை 120 ஆம் நம்பர் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, இரண்டு பாகத்தையும் சமமாகப் பிசைந்து அப்பினேன். சுற்றளவு 4.5 செ.மீ. கூட வேண்டுமென்றால் சுற்றிலும் 7 மி.மீ. கனம் வைக்க வேண்டும். வைத்தேன். ஈர விரலால் வழித்து வழுவழுப்பாக்கினேன். நிற்கும்போது பார்க்க மிக அழகாக இருந்தது.

உட்கார வைக்கப் போனால் தொடையில் வைத்த மாவு வயிற்றில் வைத்த மாவை முட்டியது. வழிவிடச் செதுக்கினேன். உட்காரும் அளவுக்குச் செதுக்கினால், நிற்கும்போது தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவில் விரல் போகிற பள்ளம். பள்ளத்தை மூடினால் மறுபடி முட்டும். இந்த இழுபறியில், மாவின் பாரம் தாங்காமல் காலை இடுப்போடு சேர்த்திருந்த பிளாஸ்டிக் முளை முறிந்தது. ஒல்லி உடம்புக்கென்று வைத்த மூட்டு ஒல்லி உடம்புக்குத்தான் ஆகும். சதை கூடினால் மூட்டு இருக்கும் இடமும் மாற வேண்டும். கழற்றிப் பார்த்த பிறகுதான் இது கண்ணுக்குத் தெரிந்தது.

அடுத்தது பழைய பேப்பரும் மா பசையும். ஜூன் மாதம் தென்மேல் பருவமழையும் மூடுபனியுமாக இருந்தது. வெளியில் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரம் விடவில்லை, கடைசியில் பூஞ்சணம் பிடித்தது. அடுப்புக்கு மேல் தொங்கவிட்டுக் காய வைத்ததில் சுருங்கி வெடித்தது. காய்ந்திருந்தாலும் மடங்காத ஓடுதானே. இந்த வழியை மலைநாட்டில் ஜனவரி முதல் மார்ச் வரையான வெயில் காலத்துக்கு வெளியே யாரும் எடுக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த தொழிலுக்கே வந்தேன். துணி.

தோலுக்குப் பழைய வெள்ளைப் பருத்தி பனியன். பனியன் துணி குறுக்கே இழுபடும், நெடுக்கே அவ்வளவாக இழுபடாது. இழுவை உடம்பைச் சுற்றி வரும்படி வெட்டினால் தொடையும் கையும் உருண்டு வரும். திருப்பி வெட்டினால் கால் நீண்டு ஒல்லியாகும். நிறத்துக்கு வெளியே போக வேண்டியதில்லை, தேயிலைத் தூள் இருக்கிறதே. ஒரு லீற்றர் தண்ணீரில் 50 கிராம் தூளை இருபது நிமிடம் கொதிக்க வைத்து வடிகட்டி, ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டுத் துணியை ஊற வைத்தேன். முதலில் இரும்புச் சட்டியில் கொதிக்க வைத்தபோது துணி சாம்பல் கறுப்பாகிவிட்டது. தேயிலைக் கசப்பும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான் வரும். அலுமினியச் சட்டிக்கு மாற்றிய பிறகு நல்ல மண்ணிறம் கிடைத்தது. ஈரத்தில் தெரிகிற நிறம் காய்ந்ததும் பாதியாக வெளுக்கும். அதனால் வேண்டியதைவிட நன்றாக இருட்டும்வரை, ஒரு மணித்தியாலம் விட்டு எடுத்தேன்.

இடுப்புப் பகுதியை முதலில் முன்னும் பின்னும் ஒரே அளவில், இரண்டு துண்டாக வெட்டினேன். பஞ்சு அடைத்ததும் தலையணை மாதிரி வந்தது. சுற்றளவு சரியாக 17 இருந்தும் அது உடம்பாக இல்லை. அந்த அக்காவுக்கு ஜாக்கெட் வெட்டும்போது முன்னும் பின்னும் ஒரே அளவிலா வெட்டுகிறேன்? முன்பக்கம் 7.5, பின்பக்கம் 9.5 என்று பிரித்தேன். பின்னால் கீழ்நோக்கி இரண்டு டார்ட் (துணியைக் கூம்பாக மடித்துத் தைக்கும் தையல்), ஒவ்வொன்றும் வாய் ஒரு செ.மீ., நீளம் இரண்டரை. முன்னால் தொப்புளுக்குக் கீழே ஒரு சின்ன டார்ட். அடைத்துப் பார்த்தால் வயிறு வயிறாகவும் பின்புறம் பின்புறமாகவும் இருந்தது. பருமன் என்பது எத்தனை செ.மீ. என்பதில் மட்டும் இல்லை, அந்தச் செ.மீ. எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் இருக்கிறது. இந்தப் பொம்மையில் நான் செய்த மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

எலும்புக்குக் கம்பி. 2 மி.மீ. அலுமினியம் சுகமாக வளைந்தது, ஆனால் முழங்கையில் திரும்பத் திரும்ப வளைத்ததும் ஒடிந்தது. 16 கேஜ் ஜீஐ (நாகம் பூசிய இரும்பு) கம்பி ஒடியாது, ஆனால் வைத்த இடத்தில் நிற்காமல் திமிறியது. 18 கேஜ் ஜீஐ கம்பியை இரட்டையாக முறுக்கியது இரண்டுக்கும் நடுவில் சரியாக அமைந்தது. கம்பி நுனியை வட்டமாகத் திருப்பி, அதன் மேல் பிளாஸ்டர் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் எப்படியும் ஒரு நாள் துணியைக் குத்தி வெளியே வரும். கம்பி முழுவதும் உல்லன் நூல் சுற்றினால் பஞ்சு வழுக்காமல் பிடித்துக்கொள்ளும்.

உட்காருகிற இரகசியம் இடுப்பு மடிப்பில் இருந்தது. காலும் உடலும் சேருமிடத்தில் முன்பக்கம் 8 மி.மீ. அளவுக்குப் பஞ்சு வைக்காமல் விட்டு, பக்கவாட்டு இடுப்பிலிருந்து கால் இடுக்குவரை சாய்வாக ஒரு கைத்தையல் போட்டேன். கம்பி அந்தத் தையலுக்குள்ளே போகிறது. காலைத் தூக்கினால் துணி அங்கே மடிகிறது, வயிறு மெல்ல முன்னால் வந்து தொடை மேல் உட்காருகிறது. உட்காரும்போது நம் எல்லோருக்கும் நடப்பதுதான். பின்பக்கம் மட்டும் பஞ்சை இறுக்கி அடைக்க வேண்டும். அதுதான் அடித்தளம். பெயின்ட் பிரஷின் பின்முனையால் சிறு சிறு உருண்டையாகத் தள்ளினேன். பெரிய உருண்டையாகத் தள்ளினால் தொடையில் முண்டு முண்டாகத் தெரியும்.

தலை சந்தைப் பொம்மையுடையதுதான். உயரம் 3.9 செ.மீ., ஐந்தடி உடம்புக்கு ஏற்கெனவே பொருத்தம். கொதிக்காத சுடுநீரில் சில நிமிடம் வைத்தால் கழுத்து இளகிக் கழன்று வரும். முகத்திலிருந்த நீலக்கண்ணையும் உதட்டையும் அசிட்டோன் உள்ள நெயில் ரிமூவரால் துடைத்தேன். தலை மென்மையான வினைல், அதைத் தாங்கும். கடின பிளாஸ்டிக் உடம்பில் பட்டால் உருகிவிடும், கவனம். நிறம் அக்ரிலிக்: மண்ணிறம், மஞ்சள், ஒரு துளி நீலம். தேயிலைத் துணியைப் பக்கத்தில் வைத்துக் கலந்து, தண்ணீர் மாதிரி மெல்லிய பூச்சாக ஏற்றினேன். ஒரே பூச்சில் தடிப்பாக அடித்தால் உரிந்து வரும். மேலே பாதுகாப்புக்கு 1,250 ரூபாவுக்கு வார்னிஷ் ஸ்பிரே வாங்கி அடித்ததில் இரண்டு கேடு வந்தது. மூடுபனி நாளில் அடித்ததால் வெண்மை படர்ந்தது, வினைலோடு சேராததால் பிசுபிசுப்பும் போகவே இல்லை. முகத்தை முழுக்கத் துடைத்துத் திரும்ப வரைந்து, மேலே மெட் மீடியத்தை (மினுக்கம் இல்லாத அக்ரிலிக் பூச்சு) பிரஷால் மெல்லப் பூசினேன். அது நன்றாகக் காய்ந்தது. முடிக்குக் கறுப்பு நூல், பின்னால் இறுக்கிய கொண்டை. நடுவகிட்டுக்குப் பக்கத்தில் நாலைந்து நரை.

உடம்பு முடிந்ததும் அக்காவிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இடுப்பு நல்லாருக்கு தங்கச்சி. ஆனா இந்தக் கழுத்த வச்சிக்கிட்டு இவ கூடை தூக்க மாட்டா."

சின்னக் கூடையை மாட்டிப் பார்த்தோம். கயிறு உச்சந்தலையில் ஏறியதும் தலை பின்னால் சாய்ந்துவிட்டது.

"கயிறு தலையிலதான், ஆனா கூடையோட அடி இடுப்புக்கு மேல உக்காரணும். அப்பத்தான் பாரம் ஒடம்புக்கு எறங்கும். தோளும் இப்பிடிச் சரிஞ்சிருந்தா சரிவராது."

பிரித்தேன். தலைக்குள்ளிருந்து முதுகு முழுவதும் ஒரே முறுக்குக் கம்பி போகும்படி மாற்றி, கழுத்தில் மூங்கில் குச்சித் துண்டு ஒன்றைச் சேர்த்துக் கட்டினேன். கழுத்தை 5 மி.மீ. குட்டையாக்கினேன். தோள் கம்பியைச் சாய்வில்லாமல் நேராக வைத்து, மேற்கையில் பஞ்சைக் கூட்டினேன். கூடையின் அடி இப்போது பின்புறத்தின் மேட்டில் வந்து தங்குகிறது, தலை நேராக நிற்கிறது. 17 செ.மீ. இடுப்பு இல்லாவிட்டால் கூடை தங்க இடமே இருந்திருக்காது. அந்த ஒல்லிப் பிளாஸ்டிக் உடம்பில் மாட்டியபோது கூடை காலுக்கு நடுவில் ஊசலாடியது ஞாபகம் வந்தது.

உடுப்புக்கு அளவெடுக்க லஞ்ச் ஷீட்டை (சாப்பாடு சுற்றும் மெல்லிய பொலித்தீன்) உடம்பில் சுற்றி, அதன் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, பேனாவால் தோள், பக்கம், நடு முன் கோடுகளை வரைந்து வெட்டி எடுத்தேன். மேசையில் விரித்தால் தட்டையாகப் படியாத இடம் எதுவோ அங்கே ஒரு வெட்டு. அந்த வெட்டுத்தான் டார்ட். பிறகு சுற்றிலும் 4 மி.மீ. தையல் விளிம்பு. எந்த உடம்புள்ள பொம்மைக்கும் இந்த முறை போதும், வேறு வெட்டுத்தாள் தேட வேண்டாம்.

மலைக்குப் போகிறவர்கள் வெயிலுக்கும் குளிருக்கும் போடுகிற மாதிரி முழுக்கைச் சேர்ட், பழைய வொயில் சேலையில் பாவாடை, தலையில் துண்டு, இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த விரிப்பான படங்கு. துணியின் கனம் ஆறில் ஒன்றாகக் குறையாது, அதனால் எவ்வளவு மெல்லிய துணியோ அவ்வளவு நல்லது. சேர்ட்டுக்குப் பல வருஷம் துவைத்த ஆண்கள் கைக்குட்டையைப் பயன்படுத்தினேன். விளிம்பு பிரியாமல் நிறமில்லா நெயில் பொலிஷ். மிகச் சின்ன பிரஸ் பட்டனும் அந்த நெஞ்சில் பெரிதாகத் தெரிந்ததால் நூல் வளையமும் மணியும் வைத்தேன். இப்போது பல தோட்டங்களில் கூடை போய்ச் சாக்கு வந்துவிட்டது. அதனால் மாற்றி மாட்ட ஒரு வெள்ளைச் சாக்கும் தைத்தேன். அக்காவுக்குச் சாக்குத்தான் பிடித்தது.

செலவு: பொம்மை 450, கம்பி 180, நிறங்களும் மீடியமும் 650, ரிமூவர் 280, முடி நூல் 150, ஊசியும் தையல் நூலும் 220. மொத்தம் 1,930 ரூபா. துணியும் பஞ்சும் வீட்டிலிருந்தவை. எபொக்சியிலும் ஸ்பிரேயிலும் போனது 2,230 ரூபா.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை இருக்கின்றன. முழங்கால் இன்னும் நன்றாக மடியவில்லை. இடுப்பில் விட்ட மாதிரியே முழங்காலின் பின்பக்கத்திலும் 5 மி.மீ. வெற்றிடம் விட்டால் சரியாகும் என்று நினைக்கிறேன். கைவிரல்களைத் தனித்தனியாகத் தைக்காமல், கட்டை விரலை மட்டும் பிரித்து மற்றதைத் தையல் கோட்டால் காட்டினால் போதும். பாதம் 3.8 செ.மீ. நீளத்துக்கு அட்டை வைத்துத் தட்டையாகச் செய்ததால் பொம்மை செருப்பில்லாமலும் நிற்கிறது, அதை மாற்றப் போவதில்லை. கம்பி வைத்த பொம்மையைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது. தங்கச்சி மகளுக்குக் கம்பியில்லாமல், தோளிலும் இடுப்பிலும் பொத்தான் வைத்து நூலால் கோத்த மூட்டோடு ஒன்று தைக்கப் போகிறேன். அதே 17 செ.மீ. இடுப்பு, அதே முன்பக்கம் 7.5, பின்பக்கம் 9.5. பொத்தான் மூட்டுக்குக் காலின் மேல்முனையை வட்டமாக, இடுப்புத் துண்டைவிட 6 மி.மீ. உயர்த்தி வெட்ட வேண்டும்.